மலையேற்ற சைக்கிள் பந்தயமும் மதுரைப் பக்கத்துப் பெண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் 2025 செப்டம்பர் 21 முதல் 28 வரை ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் நடந்தது. ஆப்பிரிக்க மண்ணில் இந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஏற்றமும் இறக்கமுமாக இருக்கிற ஊர் அது. அங்கே பெண்கள் ஓட்டியதைப் பார்த்துவிட்டு மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து மாணவிகளும் அவர்களைப் பெற்றவர்களும் பள்ளி பி.டி. ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

1,500 மீட்டர் என்பது நம் ஊர்க் கணக்கில் எவ்வளவு உயரம்?

மேகமலையை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போய் நிற்கிறோமே, ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் கிகாலி நகரமே இருக்கிறது. போடிமெட்டு அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், அதனால் கிகாலியைவிட உயரம். மதுரையோ 100 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

ஆக, பந்தயம் நடந்த உயரம் நமக்கு எட்டாத உயரமே இல்லை. வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் தொட்டுவிடக்கூடிய உயரம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "மலைப் பந்தயமெல்லாம் ஐரோப்பாக்காரர்களுக்கு, நமக்கு ஏது மலை" என்று நம்மவர்களே சொல்லக் கேட்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு சொல்லுகிற பேச்சா இது?

அது நகரத்துக்குள்ளே சுற்றிச் சுற்றி வருகிற பாதைதானே? மலையேற்றம் எங்கே வருகிறது?

ஒரு சுற்று 15 கிலோமீட்டர் அளவு. பெண்களில் மேல்மட்டமான முதுநிலைப் பிரிவு 11 சுற்று ஓட்டியது, மொத்தம் 164.6 கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முக்கியமான ஏற்றங்கள் வரும். கால்ஃப் மைதானத்தை ஒட்டிய ஏற்றம் 800 மீட்டர் நீளம், சராசரிச் சரிவு 8.1 விழுக்காடு, அதாவது நூறு மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம் கூடும். அதன் பிறகு கிமிஹுருரா ஏற்றம், 1.3 கிலோமீட்டர் நீளம், சரிவு 6.3 விழுக்காடு. இரண்டாவது ஏற்றத்தில் தார் கிடையாது, கல் பாவிய சாலை.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சின்ன ஏற்றங்கள். கிமிஹுருராவில் ஒருமுறை ஏறினால் 80 மீட்டர் உயரம்தான் கூடும். ஆனால் மற்ற ஏற்றங்களையும் சேர்த்தால் சுற்றுக்கு 300 மீட்டர் ஆகிறது. 11 சுற்றுக்கு மொத்தம் 3,350 மீட்டர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினால் சுமார் 1,800 மீட்டர்தான் ஏறுகிறோம். அதாவது கொடைக்கானலுக்கு ஏறி, கீழே இறங்கி, மறுபடி பெருமாள்மலை தாண்டும் வரைக்கும் ஏறினால் எவ்வளவோ அவ்வளவு. அதையும் மணிக்கு 36 கிலோமீட்டர் சராசரி வேகத்தில், நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

கொடைக்கானல் ஏற்றம் நீளமானது. அதில் நமக்கு ஒத்துவருகிற ஒரு வேகத்தைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். கிகாலி மாதிரிப் பாதையில் அது நடக்காது. முழுபலத்தோடு மூன்று, நான்கு நிமிடம் ஏற வேண்டும், இறக்கத்தில் மூச்சு திரும்புவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும். முதல் மூன்று சுற்றில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எட்டாவது சுற்றில் தொடை எரியத் தொடங்கும். அப்போதுதான் உண்மையான பந்தயமே ஆரம்பிக்கிறது.

உயரத்தில் மூச்சு வாங்குவது ஏன்? ஆக்சிஜன் குறைந்துவிடுகிறதா?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு கீழேயும் மேலேயும் ஒன்றுதான், ஏறத்தாழ 21 விழுக்காடு. குறைவது காற்றின் அழுத்தம். 1,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 84 விழுக்காடுதான். கொடைக்கானல் உயரத்தில் 78ஐ ஒட்டி வரும். அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுகிற விசையும் குறையும். உட்கார்ந்திருப்பவருக்கு இது உறைக்காது. இதயம் ஏற்கெனவே முழு வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கிற வீராங்கனைக்கு உடனே உறைக்கும். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்குத்தான் இந்தக் குறைவு இன்னும் சீக்கிரமாகத் தெரிகிறது. அவர்களுடைய ரத்தம் நுரையீரலை வேகமாகக் கடந்துவிடுவதால் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளக் கிடைக்கிற நேரம் குறைவு.

இன்னொன்று, ஒருமுறை எல்லை மீறி உழைத்துவிட்டால் உயரத்தில் உடம்பு தேறி வர நேரம் பிடிக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட பந்தயங்களில் தேவையில்லாமல் துள்ளுகிறவர்கள் பாதியிலேயே காணாமல் போகிறார்கள்.

மேலே காற்று லேசாக இருக்குமே, அப்படியானால் வேகமாகவும் போகலாம் இல்லையா?

சமதளத்தில் போகலாம். சைக்கிளுக்கு முதல் எதிரி காற்றின் தடைதான், காற்றின் அடர்த்தி குறையும்போது அந்தத் தடையும் குறைகிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்கிற சாதனைக்காகப் பலரும் மெக்ஸிகோ சிட்டிக்குப் போனது இதற்காகத்தான், அந்த ஊர் 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பிரான்ஸின் ஜானி லோங்கோ அங்கே 1996இல் ஒரு மணி நேரத்தில் 48.159 கிலோமீட்டர் ஓட்டினார்.

ஏற்றத்தில் இந்த லாபம் கைக்கு வராது. மணிக்கு 18, 20 கிலோமீட்டரில் ஏறும்போது உழைப்பில் பெரும்பகுதி உடம்பையும் சைக்கிளையும் மேலே தூக்கவே செலவாகிவிடும். மூச்சில் நஷ்டம், காற்றில் லாபம் இல்லை. இறக்கத்திலோ வேகம் கூடும், அதனால் ஆபத்தும் கூடும்.

பெரிய நட்சத்திரங்களெல்லாம் இருக்கும்போது அதிகம் பேர் அறியாத ஒருவர் கிகாலியில் ஜெயித்தது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எங்களுக்கு மிகவும் ஆசை.

முதுநிலைப் பெண்கள் சாலைப் பந்தயத்தில் ஜெயித்தவர் கனடாவின் மாக்டலின் வாலியேர், அப்போது வயது 24. இரண்டாவது நியூஸிலாந்தின் நீவ் ஃபிஷர்-பிளாக், மூன்றாவது ஸ்பெயினின் மாவி கார்சியா. எல்லாரும் எதிர்பார்த்த நெதர்லாந்தின் டெமி வொலரிங் ஏழாவதாக வந்தார். கனடாவைச் சேர்ந்த ஒருவர் முதுநிலைச் சாலைப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடக் கூடாது. சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே முன்னே பிய்த்துக்கொண்டு போன குழுவைத் துரத்திப் பிடிக்க யாராவது ஒருவர் தன் பலத்தைச் செலவழித்தாக வேண்டும். "நான் துரத்தினால் என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து கடைசியில் நீ ஜெயித்துவிடுவாய்" என்று ஒவ்வொரு நட்சத்திரமும் இன்னொருவரைப் பார்க்கிறார். யாரும் துரத்தாத அந்த இடைவெளியில் முன்னே இருக்கிற குழு நிமிடங்களைச் சேர்த்துக்கொள்கிறது.

உலகப் போட்டியில் இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. வருடம் முழுக்க ஒரே நிறுவன அணியில் ஓட்டுகிறவர்கள் இங்கே தங்கள் நாட்டுக்காகத் தனித்தனியாக ஓட்டுகிறார்கள். காதில் ரேடியோவும் கிடையாது, "முன்னால் இத்தனை நிமிடம் போய்விட்டார்கள், உடனே துரத்து" என்று காரிலிருந்து சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஓட்டுகிறவரே கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. பத்துச் சுற்று ஏறிக் களைத்த பிறகு, துரத்த மனம் இருந்தாலும் துரத்தித் தருவதற்கு அணியில் ஆள் மிச்சமில்லை.

வாலியேர் சரியான குழுவில் இருந்தார். தன் பங்குக்கு உழைத்தார், ஆனால் அதற்கு மேல் ஒரு துளிகூடச் செலவழிக்கவில்லை. கடைசி ஏற்றமான அந்தக் கல் பாவிய சாலையில் ஒரே ஒரு முறை முழுபலத்தையும் போட்டுத் தனியே போனார். நம் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய பந்தயம் இது. மலைப் பந்தயத்தில் நுரையீரல் வேண்டும்தான், எந்த ஏற்றத்தில் சும்மா இருக்க வேண்டும் என்கிற அறிவும் அதே அளவு வேண்டும்.

இதற்கு முன்பு இவ்வளவு உயரத்தில் உலகப் போட்டி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1986இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில், 1,800 மீட்டருக்கு மேல். 1995இல் கொலம்பியாவின் துயித்தாமாவில், ஏறத்தாழ 2,500 மீட்டரில். இரண்டு முறையும் பெண்கள் சாலைப் பந்தயத்தை ஜெயித்தவர் மேலே சொன்ன ஜானி லோங்கோ. 1995இல் தனிநேரப் பந்தயத்தையும் (ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது) சேர்த்து வென்றார், அப்போது அவருக்கு வயது 36.

பெண்களுக்கு மொத்தம் எத்தனை பிரிவுகள்?

இளையோர், 23 வயதுக்குக் கீழ், முதுநிலை என மூன்று. ஒவ்வொன்றிலும் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுகிற சாலைப் பந்தயம் ஒன்று, ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுகிற தனிநேரப் பந்தயம் ஒன்று. ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக ஓட்டுகிற கலப்பு ரிலே பந்தயமும் உண்டு.

பெண்களுக்கான சாலை உலகப் பட்டம் 1958இல்தான் தொடங்கியது, முதலில் வென்றவர் லக்ஸம்பர்க்கின் எல்ஸி ஜேக்கப்ஸ். தனிநேரப் பந்தயம் வருவதற்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 23 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்கோ 2022 முதல் 2024 வரை முதுநிலைப் பந்தயத்துக்குள்ளேயே ஓட்டவிட்டுப் பட்டம் கொடுத்தார்கள். தனிப் பந்தயம் கிடைத்தது கிகாலியில்தான். அதில் பிரான்ஸின் செலியா ஜெரி ஜெயித்தார், இளையோர் பிரிவில் ஸ்பெயினின் பௌலா ஓஸ்டிஸ். ஆண்களுக்கு என்றைக்கோ கிடைத்தது பெண்களுக்கு இப்போதுதான் கிடைக்கிறது. இது நியாயமாக எப்போதோ நடந்திருக்க வேண்டியது.

மதுரை சமவெளியில் ஓட்டிக்கொண்டே மலைப் பந்தயத்துக்குத் தயாராக முடியுமா?

முடியும். கிகாலியின் ஏற்றங்கள் ஒரு கிலோமீட்டர் அளவுதான் என்பதை மறுபடி நினைவில் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஏற்றத்துக்குக் கொடைக்கானல் வரை போக வேண்டியதில்லை. உசிலம்பட்டி தாண்டினால் ஆண்டிபட்டிக் கணவாய் இருக்கிறது. அங்கே மூன்று நிமிடம் முழுபலத்தோடு ஏறுங்கள், மெதுவாக இறங்குங்கள், மறுபடி ஏறுங்கள். நான்கு முறையில் தொடங்கி, வாரங்கள் போகப் போக எட்டு வரைக்கும் கூட்டலாம். லாரிப் போக்குவரத்து உள்ள சாலை என்பதால் விடிந்தவுடன் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அடுத்த படி சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். நெடுநேரம் ஒரே சீராக ஏறிப் பழக எங்களுக்குத் தெரிந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதைவிட நல்ல சாலை இல்லை. பெடலை நிமிடத்துக்கு 70, 80 சுற்றுக்குக் குறையாமல் மிதியுங்கள், பெரும்பாலும் உட்கார்ந்தே ஏறுங்கள், வளைவின் உள்பக்கச் செங்குத்தைத் தவிர்த்து வெளிப்பக்கமாகப் போங்கள், எதிரே வண்டி வராத போது மட்டும். சிறுமலைக்கும் மேகமலைக்கும் வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. எந்த நேரத்துக்கு விடுவார்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

மலைக்கே போக முடியாத வாரத்தில் காற்று இருக்கிறது. ஆடிக் காற்று அடிக்கிற நாளில் தேனிப் பக்கம் மேற்கு நோக்கி ஓட்டிப் பாருங்கள், சமதளச் சாலையே ஏற்றமாகிவிடும். அப்புறம் நம் வெயிலும் கை கொடுக்கும். வெப்பத்தில் அளவோடு பயிற்சி எடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயத்துக்கு வேலை எளிதாகிறது. அதற்காகச் சித்திரை மாத உச்சிவெயிலில் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். காலை ஒன்பது மணி வெயிலே போதும்.

உயரமான ஊரில் பந்தயம் என்றால் எத்தனை நாள் முன்னதாகப் போக வேண்டும்?

இரண்டு வாரம் முன்னதாகப் போய்த் தங்க முடிந்தால் நல்லது. முதல் சில நாள் தூக்கம் சரியாக வராது, நாடித்துடிப்பு கூடுதலாக இருக்கும், அந்த நாட்களில் கடினப் பயிற்சி வேண்டாம். அவ்வளவு நாள் தங்க வசதியில்லாதவர்கள் பந்தயத்துக்கு முந்தின நாள் போய்ச் சேருவதும் உண்டு. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உயரத்தில் குளிர்ந்த, வறண்ட காற்றை வேகவேகமாக மூச்சிழுப்பதால் உடம்பிலிருந்து நிறைய நீர் போகிறது.

அரசு தருகிற இலவச சைக்கிளில் மலையேறிப் பழகலாமா?

தொடங்கலாம். பதினோராம் வகுப்பில் கிடைக்கிற அந்த சைக்கிள்தான் நம் பக்கத்தில் எத்தனையோ பெண்களுக்கு முதல் சொந்த வாகனம். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. சேலையோடு, பின்னால் தண்ணீர்க் குடத்தோடு ஓட்டினார்கள். அந்த வழியில் வந்தவர்கள் நாம்.

ஆனால் கொண்டை ஊசி வளைவுச் சாலைக்கு அது சரிப்படாது. கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும், செங்குத்தில் முழங்கால்தான் கெடும். மலைக்கான பந்தய சைக்கிளில் முன்னே 34 பல், பின்னே 34 பல் உள்ள பல்சக்கரம் வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஒரு மிதிக்கு ஒரு சுற்று, அதாவது ஏறத்தாழ 2.1 மீட்டர்தான் நகரும், கால் இலகுவாகச் சுற்றும். பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது உலக சைக்கிள் சம்மேளனத்தின் விதி. தொடங்குகிறவர்கள் அந்த எடையைத் தேடி லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். சரியான அளவுள்ள பழைய சைக்கிள், நல்ல பிரேக், பின்னே பெரிய பல்சக்கரம், இவை போதும். பணம் இருந்தால் முதலில் நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்.

என்ன சாப்பிட வேண்டும்? எடையைக் குறைத்தால் வேகமாக ஏறலாம் என்கிறார்களே?

ஓட்டுகிறபோது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. சிறுமலைக்கே போகிறவர்கள் சிறுமலை வாழைப்பழத்தையே சாப்பிடலாம். வெல்லம், எலுமிச்சை, உப்பு சேர்த்த பானகம் பாட்டிலில் வைத்துக்கொள்ள அருமையானது. கடலைமிட்டாய் நீண்ட ஏற்றத்துக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது.

எடை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறோம். வளருகிற பெண்ணைப் பட்டினி போடச் சொல்கிற பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். சாப்பாடு குறைந்து உழைப்பு கூடினால் மாதவிடாய் தள்ளிப்போகும், சில மாதம் வராமலே நின்றுவிடும். "கடுமையாகப் பயிற்சி எடுக்கிறாள், அதனால்தான்" என்று விட்டுவிடக் கூடாது. உடம்பு எலும்பிலிருந்து கடன் வாங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அதோடு இரும்புச்சத்து. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். அது குறைந்தவருக்கு மதுரையே கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போலத்தான். மலைப் பயிற்சிக்குப் போகும் முன் ஹீமோகுளோபினையும், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற ஃபெரிட்டினையும் பரிசோதித்துவிடுங்கள். மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் போட வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, ஈரல் எல்லாம் வீட்டுச் சாப்பாடுதானே. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள், அது இரும்பு சேருவதைக் கெடுக்கிறது.

இறக்கத்தில்தான் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் நியாயமானது. 2024இல் ஸூரிக்கில் நடந்த உலகப் போட்டியின் இளையோர் பெண்கள் பந்தயத்தில், மழை பெய்த காட்டுப் பகுதியில் விழுந்த சுவிட்சர்லாந்தின் மூரியல் ஃபுரர் உயிரிழந்தார். வயது 18. அவர் விழுந்தது உடனே யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் எல்லாரையும் உலுக்கியது. கிகாலியில் ஓட்டுகிற ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று காட்டுகிற ஜிபிஎஸ் கருவி வந்தது அதன் பிறகுதான்.

நம் சாலைகளில் இதை இப்படிச் செய்யுங்கள். தனியாக இறங்காதீர்கள். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பாகவே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள். முன் சக்கரத்தைப் பார்க்காமல் கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும். மழைக்குப் பிறகு வளைவுகளில் மணல் அடித்து வந்து கிடக்கும். எதிரே பஸ் வந்தால் வளைவு முழுவதும் அதற்குத்தான் என்று நினைத்து ஒதுங்கி நில்லுங்கள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் அன்றைக்கு இறக்கமே வேண்டாம், சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது?

அனுப்ப வேண்டாம், கூட்டமாக அனுப்புங்கள். நான்கு பேர் சேர்ந்தால் பயிற்சியும் நன்றாக நடக்கும், ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டுவதும் பழகும். பின்னால் ஒரு டூவீலரில் அப்பாவோ அண்ணனோ அக்காவோ வரட்டும், பம்ப்பும் மாற்று டியூபும் அவர்களிடம் இருக்கட்டும். ஊர்ப் பேச்சுக்காக நிறுத்திவிடாதீர்கள். விடியற்காலையில் சைக்கிள் உடையில் நான்கு பெண்கள் போவதைச் சாலையோர டீக்கடை சில நாள் வேடிக்கை பார்க்கும், அப்புறம் அவர்களே வழிவிடச் சொல்லிக் கத்துவார்கள்.

என் மகளுக்கு வயது 19, இப்போது தொடங்கினால் தாமதம் இல்லையா? படிப்பு கெடாதா?

கிகாலியில் முதுநிலைத் தனிநேரப் பந்தயத்தை வென்ற சுவிட்சர்லாந்தின் மார்லன் ரொய்சர் மருத்துவம் படித்து முடித்தவர், இருபதுகளின் நடுவில்தான் பந்தய சைக்கிளுக்கு வந்தார். வெண்கலம் வாங்கிய மாவி கார்சியா, ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த டூயத்லான் போட்டியில் இருந்து முப்பது வயதை ஒட்டி வந்தவர், கிகாலியில் அவருக்கு வயது 41. நீண்டநேரம் உழைக்கிற திறன் இருபதுகளிலும் முப்பதுகளிலும்கூட வளர்கிற ஒன்று. 19 வயது தாமதமே இல்லை.

படிப்போடு சேர்த்து ஓட்ட, வாரத்துக்கு நான்கு நாள் போதும். கல்லூரி நாட்களில் காலை ஒரு மணி நேரமாக மூன்று நாள், ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் ஒரு நாள். ஆறு மாதம் இப்படி ஓட்டிய பிறகு மாவட்டப் போட்டியில் பெயர் கொடுங்கள், அங்கிருந்து மாநிலம், பிறகு தேசியப் போட்டி. தேர்வு நடக்கிற மாதத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுவதும் நிறுத்த வேண்டாம். முதல் மலையேற்றத்துக்கு மாசி மாதம் ஏற்றது, சிறுமலையில் மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் கடுமையாகியிருக்காது.